மார்க் இல்லாத கேள்வி

அம்மாடி வளர்மதி,

பின்னால் யாராவது இது எந்த வருஷம் என்று கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். டெக்கா சந்தையைப் பழுதுபார்க்க மூன்று மாதம் மூடிப்போட்ட வருஷம். பள்ளிக்கூடங்களில் அரையாண்டுப் பரீட்சையை எடுத்துவிட்ட வருஷம். அதிபர் தேர்தலில் சீட்டிலிருந்த படத்தைப் பார்த்து நானும் ஓட்டுப் போட்ட வருஷம். எந்தப் படம் என்று உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அதற்கு நாலாம் நாள், பள்ளி விடுமுறையில், சமையலறையில் தண்ணீர் எடுக்கப் போன நீ அப்படியே தரையில் உட்கார்ந்தாய். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். வருஷங்கள் எனக்கு இப்படித்தான் நிற்கின்றன.

நான் சொல்லச் சொல்ல உன் புருஷன் மாரியப்பன் கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறான். நடுநடுவே நிறுத்தி மூக்கைச் சிந்துகிறான். கேட்டால் சளி என்கிறான். இருக்கட்டும். நீ ஒரு காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாய். அது எங்கே வந்து நிற்கிறது என்று உனக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் வேலையை நான் பாதிதான் புரிந்துவைத்திருந்தேன். ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலமும் கணக்கும் எடுப்பாய், கூடவே வெள்ளிக்கிழமை கடைசியில் அரைமணி நேரம் சோஷியல் ஸ்டடீஸ், நாம் வீட்டில் சொல்கிற சமூகப் பாடம். செப்டம்பர் முடிவில் பி.எஸ்.எல்.இ. பரீட்சை. பிள்ளைகள் எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போவார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. அந்தப் பரீட்சையில் சமூகப் பாடம் கிடையாது. ஆகவே ஜூலை பிறந்ததும் அந்த அரைமணியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது பள்ளியில் வழக்கம். நீ மட்டும் கொடுக்க மாட்டேன் என்று நின்றாய்.

அந்த ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாய்.

"மாமா, வெள்ளிக்கிழமை என் க்ளாஸுக்கு வர்றீங்களா?"

"எதுக்கும்மா? அங்க குழாய் ஏதும் ஒழுகுதா?"

"நீங்க ரோச்சோர் கால்வாய்ல விழுந்த கதையை வந்து சொல்லணும். பிள்ளைங்க கேள்வி கேப்பாங்க."

"நான் பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டினவனே இல்ல."

"பாதுகாவலர் ஸ்டிக்கர் குடுப்பாரு, ஒட்டிக்கிட்டு வாங்க. நான் இருக்கேன்ல."

பிறகு உன் கைப்பேசியில் பெற்றோர் போட்ட செய்திகளை எனக்குப் படித்துக் காட்டினாய். ஒரு அம்மா, 'இது பரீட்சையில் வருமா டீச்சர்?' என்று மூன்று தடவை கேட்டிருந்தாள். உன் துறைத்தலைவி மிஸஸ் லிம் வெள்ளிக்கிழமை வகுப்பில் வந்து உட்காரப் போகிறார் என்றாய். அவருக்கு அந்தப் பாடம் உருப்படியாகத் தெரிந்தால் அரைமணி உன்னிடமே இருக்கும். இல்லாவிட்டால் மறுவாரத்திலிருந்து கணக்கு. உன் அரைமணி நேரம் என் வாயில் அல்லவா இருக்கிறது.

அந்தக் கதை நம் வீட்டில் எல்லாருக்கும் பாடம். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய பெரிய வெள்ளம். நான் சாக்கடையும் கால்வாயும் சுத்தம் செய்கிற கூட்டத்தில் இருந்தேன். நாங்கள் நாலு பேர். நான், என் உயிர் சிநேகிதன் மாரியப்பன், கோவிந்தன், லாரி ஓட்டுகிற ஆ செங். பாலத்துக்கு அடியில் ஒரு மரம் வந்து அடைத்துக்கொண்டது. அதைத் தள்ளிவிடப் படியில் இறங்கினேன், கால் வழுக்கியது. கைக்கெட்டும் தூரத்தில் கோவிந்தன் நின்றான். நான் கையை நீட்டினேன். அவன் திரும்பி ஓடினான். தண்ணீர் தலைக்கு மேல் போனது. கண் திறந்தபோது ரோட்டில் கிடந்தேன், என் தலை மாரியப்பன் மடியில் இருந்தது.

மறுவருஷம் பிறந்த மகனுக்கு மாரியப்பன் என்று பேர் வைத்தேன். கோவிந்தனை மறுநாளே டிப்போவில் அத்தனை பேர் பார்க்கப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக் காறித் துப்பினேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதமே வேறு கூட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அதன் பிறகு தைப்பூசத்தில் டேங்க் ரோட்டில் எதிரே வந்தால்கூட நான் அந்தப் பக்கம் போய்விடுவேன். கல்யாண வீட்டில், இழவு வீட்டில், எங்கேயும் இதை நான் சொல்லாமல் விட்டதில்லை. என் ஞாபகசக்திக்கு அத்தனை பேரிடமும் மரியாதை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த நிறத்தில் பந்தல் போட்டார்கள் என்று என்னைத்தான் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தேன். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ஸ்டிக்கர். முப்பது சொச்சம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்து நின்று வணக்கம் சொன்னதும் நானும் கும்பிட்டுவைத்தேன். பின்பக்கம் மிஸஸ் லிம் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நீ வெள்ளைப் பலகையில் மூன்று கட்டம் போட்டிருந்தாய். ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் ஒரு படம். ஒரு கண், ஒரு காது, ஒரு தலை.

மற்ற சாட்சிகள் வந்தால் நீ எழுத்தில்தான் போடுவாயாம். பார்த்தது, கேட்டது, நினைத்துக்கொண்டது என்று. அன்றைக்கு எனக்காகப் படம் வரைந்திருக்கிறாய். உன் வகுப்பில் காவ்யா என்ற பெண் பின்னால்தான் இதைச் சொன்னாள். எனக்குத் தெரியாமல் என் மரியாதையைக் காப்பாற்றினாய் அம்மா. அன்று நான் எல்லாருக்கும் படம்தான் என்று நினைத்து ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நான் தமிழில் சொன்னேன், நீ ஆங்கிலத்தில் சொன்னாய். நான் சொன்ன ஒவ்வொன்றையும் பிள்ளைகள் எந்தக் கட்டத்தில் போடலாம் என்று சண்டை போட்டார்கள். இரண்டு நாள் மழை பெய்தது, கண். வடக்கே இன்னும் மோசம், காது. கால் வழுக்கியது என்றதும் ஒரு பையன் எழுந்து, அது கண்ணும் இல்லை காதும் இல்லையே என்றான். வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்து, பலகையின் ஓரத்தில் ஒரு காலை வரைந்தாய்.

பிறகு மூக்குக்கண்ணாடி போட்ட ஹுய் மின் கையைத் தூக்கினாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதை நீ எனக்குத் திருப்பிச் சொன்னாய்.

"மாமா, மாரியப்பன் உங்களை இழுத்தப்போ உங்க கண்ணு திறந்திருந்துச்சான்னு கேக்குறா."

"எப்படிம்மா திறக்கும்? மூக்குல வாயில எல்லாம் தண்ணி."

நீ எனக்குச் சொல்லிக்கொண்டே 'மாரியப்பன் இழுத்தான்' என்பதைக் கண்ணுக்குக் கீழிருந்து அழித்துத் தலைக்குக் கீழே எழுதினாய்.

"கோவிந்தன் ஓடினதைப் பாத்தீங்களாம். சரி. அவர் திரும்பி வரலைங்கிறதைப் பாத்தீங்களான்னு கேக்குறா."

"தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு அதை எப்படிம்மா பாக்குறது? மீனைத்தான் கேக்கணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஹுய் மின் மட்டும் சிரிக்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ கால்வாயையும் பாலத்தையும் படியையும் வரைந்தாய். அவள் பலகைக்குப் பக்கத்தில் வந்து, அவர் எந்தப் பக்கம் ஓடினார் என்று கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"அந்தப் பக்கம் என்ன இருந்துச்சாம் மாமா?"

"லாரி."

"லாரியில என்ன இருந்துச்சு?"

அந்த லாரியில் என்னென்ன இருந்தது என்று இன்றைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்வேன். நாலு மண்வெட்டி, இரண்டு கூடை, ஒரு தார்ப்பாய், கால்வாயில் மிதக்கிற குப்பையை இழுக்கிற நீளக் கழி, முனையில் இரும்புக் கொக்கி வைத்தது. கழி என்ற சொல்லைச் சொன்னேனா இல்லையா, எனக்கே தெரியவில்லை. நாற்பத்தைந்து வருஷம் அந்த லாரியை மனதில் வைத்திருந்தேன். கோவிந்தன் ஓடியதையும் வைத்திருந்தேன். இரண்டையும் ஒரு தடவைகூட ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். யாரம்மா அந்தப் பிள்ளைக்கு அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது?

மணி அடித்துவிட்டது.

தாழ்வாரத்தில் மிஸஸ் லிம் உன்னிடம் பேசினார். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் பிடிபடும். நல்ல மனுஷி, குரலை உயர்த்தவில்லை. "வெரி குட் லெசன் லா, வளர். பட் டென் வீக்ஸ் மோர் ஒன்லி. ஆஃப்டர் எக்ஸாம் கேன்?" என்றார், பரீட்சைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று. நீ தலையை ஆட்டினாய். அவ்வளவுதான், அரைமணி போயிற்று.

பேருந்தில் நான் உன் பக்கம் திரும்பவே இல்லை.

"மாமா, கோவமா?"

"வீட்டு மனுஷனைக் கூட்டிட்டுப் போயி சின்னப் பிள்ளைங்க முன்னாடி பொய்யனாக்கிட்டியே."

"பொய்னு யாரு சொன்னா? தெரியாதுன்னுதானே எழுதியிருக்கு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு இல்ல மாமா. நீங்க அங்கயே எழுந்து வந்திருக்கலாம். வரலையே. கடைசி வரைக்கும் உட்கார்ந்து பதில் சொன்னீங்க. அதைத்தான் பிள்ளைங்க பாத்தாங்க."

எட்டு நாள் நீ பரிமாறி நான் சாப்பிடவில்லை, நானே போட்டுக்கொண்டேன். ஒன்பதாம் நாள் காலையில் கேட்டேன், அந்தக் கணக்கு என்ன ஆனது என்று. கணக்கு இல்லை மாமா, கேள்வி என்று திருத்தினாய். 'இழுத்தது யார்?' என்ற கேள்வியைப் பலகையின் மூலையில் எழுதி அழிக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னாய். 'இதுக்கு மார்க் கிடையாது, பரீட்சையில வராது. இப்போ கணக்கைப் போடுங்க. ஆனா இது முடியலை, அதை மறக்காதீங்க' என்று பிள்ளைகளிடம் சொன்னாயாம்.

ஆ செங் செத்துப் பல வருஷம். அவன் மகள்தான் டெக்காவில் காப்பிக்கடை வைத்திருக்கிறாள். சந்தை திறந்ததும் அவளைக் கேட்கலாம் என்றாய். நான் வாரம் ஒரு முறை அவள் கையால் காப்பி குடித்தவன். ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கப் பயமா, கேட்க வேண்டியதில்லை என்ற திமிரா? சந்தை திறக்கும் முன்னே நீ போய்விட்டாய்.

உனக்குப் பதிலாக வந்த ஆசிரியை பலகையைத் துடைக்க வந்தபோது பிள்ளைகள் அந்த மூலையை விடச் சொல்லிக் கெஞ்சினார்களாம். அவரும் விட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குக் கீழேயே உட்கார்ந்து மூன்று வாரம் கணக்குப் போட்டு, அழுதுகொண்டும் படித்துக்கொண்டும், பரீட்சையை எழுதி முடித்தார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பெரியவர்களே மறந்துவிடுகிற காரியம். பிள்ளைகளுக்கு எங்கே நேரம்?

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் காவ்யா, ஹுய் மின், காலைப் பற்றிக் கேட்ட பையன், கூடக் காவ்யாவின் அம்மா. செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உன் படத்துக்கு முன்னால் நின்றார்கள். அப்புறம் ஹுய் மின் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். மூன்று கட்டம், மேலே கண், காது, தலை. எனக்காக அவர்களும் படம் வரைந்திருந்தார்கள்.

"தாத்தா, பரீட்சை முடிஞ்ச அடுத்த வாரமே நாங்க டெக்காவுக்குப் போனோம்," என்றாள் காவ்யா. "காப்பிக்கடை ஆன்ட்டிகிட்ட ஃபர்ஸ்ட் பெர்மிஷன் கேட்டோம். மிஸ் அப்படித்தான் கேக்கச் சொல்வாங்க."

"என்ன சொன்னா?"

"அவங்க அப்பா வீட்டுல அடிக்கடி சொல்வாராம். அந்தத் தமிழாளு லாரிக்கு ஓடி வந்தாரு, நான்தான் மேலேர்ந்து கழியை எடுத்துக் குடுத்தேன்னு. அவரு திரும்ப ஓடிப்போயி, கொக்கியை உங்க சட்டையில மாட்டி இழுத்தாராம். கொக்கி உடம்புலயும் கிழிச்சிடுச்சாம். தாத்தா, உங்களுக்கு அங்க ஏதாச்சும் மார்க் இருக்கா? நாங்க பாக்கலாமா?"

என் வலது கக்கத்துக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. கால்வாய்ச் சுவர் கிழித்தது என்று நான் எல்லாருக்கும் சொல்லிவந்தது. சட்டையைத் தூக்கிக் காட்டினேன். மூன்று தலைகளும் குனிந்து பார்த்தன. வளைந்த தழும்பு அம்மா, முனையில் குழி விழுந்தது. ஹுய் மின் பேனாவை எடுத்துக் கண்ணுக்குக் கீழே எழுதினாள்.

"அப்போ முடிஞ்சது. கோவிந்தன்தான் இழுத்தான்னு எழுதும்மா," என்றேன்.

காவ்யா அதைச் சொன்னதும் ஹுய் மின் தலையை ஆட்டிவிட்டாள். "கெனாட், தாத்தா. ஆன்ட்டி ஒன்லி ஹியர்ட்." காதுக் கட்டத்தில்தான் போட்டிருக்கிறாள். ஆ செங் பார்த்தான், மகள் கேட்டாள், ஆகவே காது. தழும்பு கண், ஆனால் அதைப் போட்ட கை யாருடையது என்று தழும்பு சொல்லாதாம். என் கண்ணீரைப் பார்த்தும் அந்தப் பிள்ளை கட்டத்தை மாற்றவில்லை. எண்பத்திரண்டு வருஷத்தில் நான் கோயில் கோபுரம் பார்த்திருக்கிறேன், கடலை மண் போட்டு ஊராக்கினதைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மார்க் இல்லை, மணி அடிக்கவில்லை, டீச்சரும் இல்லை. நீ சொன்னதைச் சொன்னபடி செய்கிறார்கள்.

அவர்கள் போனபின் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. டிப்போவில் நான் துப்பிய அன்று ஆ செங் என் கையைப் பிடித்து, மலாயில், "அவனை ஏன் திட்டுறே?" என்று கேட்டான். உனக்கென்ன தெரியும் என்று கையை உதறினேன். இதுவும் என் ஞாபகத்தில்தான் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் நான் அதைக் கூப்பிடவே இல்லை.

மாரியப்பன் ஏன் சொல்லவில்லை? அவன் பாலத்துக்கு மறுபக்கம் இருந்து வந்ததால் பார்த்திருக்க மாட்டானோ? பார்த்தும், நான் கட்டிப்பிடித்து அழுததில் சொல்ல வாய் வராமல் போயிற்றோ? அவனும் இல்லை, கேட்க வழியில்லை. அவனைத் தலைக் கட்டத்தில் போட்டு வைத்திருக்கிறேன். இன்னொருவனைப் பற்றி இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு பேச மாட்டேன்.

உன் புருஷன் இந்த இடத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்போ என் பேரு?" என்கிறான்.

"தலையைப் பிடிச்சவன் பேருதானேடா. அதுவும் நல்ல பேருதான்."

"மாத்தணும்னா ஐசி அடையாள அட்டையிலேர்ந்து மாத்தணும்பா, எனக்கு லீவு இல்ல."

நீ போனபின் அவன் பேசிய முதல் வேடிக்கை இது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. 'பரீட்சையில் வருமா' என்று மூன்று தடவை கேட்ட அம்மா போன வாரம் மாரியப்பனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள், அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று. அவள் மகன்தான் கால் வழுக்கியதைப் பற்றிக் கேட்ட பையனாம். மிஸஸ் லிம் அடுத்த வருஷம் வெள்ளிக்கிழமை அரைமணியை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. உன் சாவு வீட்டுக்கு வந்தவர் உன் பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அதை மட்டும் பார்த்தேன்.

காப்பிக்கடைக்காரி பிள்ளைகளிடம் ஒரு விலாசமும் கொடுத்தனுப்பியிருந்தாள். குவீன்ஸ்டவுன், பழைய பிளாக், நாலாம் மாடி. நீங்களே போய்க் கேட்டிருக்கலாமே என்றேன் பிள்ளைகளிடம். "நாங்க போனா அவருக்கு எங்களை யாருன்னே தெரியாது தாத்தா. நீங்கதான் போகணும்," என்றாள் காவ்யா. ஒரு மாதமாக அந்தக் காகிதம் சட்டைப்பையில் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு ஒரு சாக்கு. முழங்கால் வலி, மழை, செவ்வாய்க்கிழமை.

சாக்கு தீர்ந்துவிட்டது அம்மா. வரும் சனிக்கிழமை காலையில் பூன் லே நிலையத்தில் ரயில் ஏறுகிறேன். கூட வருகிறேன் என்றான் உன் புருஷன், வேண்டாம் என்றேன். கதவு திறந்தால் முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் கேள்வி. திறக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் போவேன், அதற்கடுத்ததும் போவேன். எனக்குக் கேட்கப் பிடிக்காததைச் சொன்னாலும், கூட்டாமல் குறைக்காமல் உன் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்ப்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

அன்றைக்கு அந்தப் பாலத்தடியில் நாங்கள் நாலு பேர். மாரியப்பன் இல்லை, ஆ செங் இல்லை. என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருவன்தான். அவன் பேர் கோவிந்தன்.

உனக்குக் கடமைப்பட்ட
உன் மாமா